பின்சக்கரத்துக்கு ஒரு கல்

என் தங்கையின் கணவரை நான் வெறுக்கிறேன் என்று சொன்னால், அது அவருக்குக் கொடுக்கும் அதிகப்படியான மரியாதை. வெறுக்க வேண்டுமென்றால் எதிராளியிடம் கொஞ்சமாவது கனம் இருக்க வேண்டும். இவரைப் பார்த்தால் எனக்கு வருவது இளக்காரம் மட்டும்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளைதான். அவர் வாசலில் கால் வைத்ததும் எழுந்து நிற்க வேண்டும், "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்ல வேண்டும், முதல் இலையை அவருக்குத்தான் போட வேண்டும். அதனால் என் இளக்காரம் முழுவதையும் இத்தனை வருடமாக 'ங்க' போட்டுத்தான் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் குமாஸ்தா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குன்னூருக்குச் சற்று வெளியே அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன், வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஒரு ஷெட் உண்டு. தங்கையும் மாப்பிள்ளையும் ஊட்டியில் வாடகைக்கு இருக்கிறார்கள். தங்கை நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு உரக் கம்பெனியில் விற்பனை வேலை. கம்பெனி அவருக்கு ஒரு ஜீப்பைக் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைத் தொடக் கூடாது.

அப்போது அவர்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. தங்கை அதில்தான் வேலைக்குப் போய் வந்தாள். நடுவட்டம் ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. பொழுது சாய்ந்தபின் காட்டெருமைகள் ரோட்டில் நின்றுகொண்டு, நாம்தான் அவற்றின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோலப் பார்க்கும். கூடலூரிலிருந்து வரும் பஸ் நிரம்பியிருந்தால் எஸ்டேட் நிறுத்தத்தில் நிற்கவே நிற்காது. அந்தச் சின்னக் கார் இருந்ததால்தான் அவளால் அந்த வேலையில் நிம்மதியாக இருக்க முடிந்தது.

அந்தக் காரின் சீட்டுக்கு அடியில் ஒரு முக்கோணக் கல் இருக்கும். மலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோரிடமும் கல்லோ கட்டையோ ஒன்று இருக்கும். இங்கே ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. கியரில் போட்டுவிட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைப்போம். அதற்கு ஒரு முறையும் உண்டு. ஓட்டுகிறவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார். பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் கல்லோடு இறங்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, "ஆச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஓட்டுகிறவர் இறங்குவார். கலெக்டரே பக்கத்து சீட்டில் வந்தாலும் அவர்தான் இறங்க வேண்டும் என்று அப்பா சொல்வார்.

மாப்பிள்ளை கூட வருகிற நாட்களில் ஸ்டியரிங் அவருக்கு, கல் அவளுக்கு. அவள் அந்தக் கல்லை ஒரு கிழிந்த ஸ்வெட்டரின் கையில் சுற்றி வைத்திருந்தாள். மழையில் இறங்கிச் சேற்றில் குனிந்து கல்லை வைத்துவிட்டு அவள் நிமிரும்போது, மாப்பிள்ளை உள்ளே கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருப்பார். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை" என்பேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒருநாள் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. போனில் எந்நேரமும் அந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பெங்களூரில் யாரோ ஓட்டி ஓட்டி அலுத்துப்போன ஒரு சிவப்பு ஜப்பான் காரைப் பிடித்துவிட்டார். இரண்டு கதவு. பின்னால் சீட் என்று இருந்த இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்தால் அதற்கே கால் மரத்துப்போகும். அது தன் காலில் மலையேறவும் இல்லை. ஒரு லாரியின் முதுகில் படுத்துக்கொண்டுதான் குன்னூர் வந்து சேர்ந்தது. அதை வாங்குவதற்காகத் தங்கையின் சின்னக் காரை விற்றுவிட்டார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அதான் எனக்கு ஜீப் இருக்குதுங்களே மச்சான், ஊட்டுக்கு எதுக்கு ரெண்டு வண்டி?" என்றார்.

"தங்கச்சி எதுலீங்க வேலைக்குப் போகும்?"

"கொஞ்ச நாளைக்குப் பஸ்ல போகட்டுமே. புராஜெக்ட் முடிஞ்சதும் இதுலயே கொண்டுபோய் உடறேன்."

தங்கை பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சின்னக் காரை வந்து எடுத்துக்கொண்டு போனவர்களிடம், சீட்டுக்கு அடியில் இருந்த கல்லை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாளாம். அதை ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டுதான் அன்று வந்திருந்தாள்.

புராஜெக்ட். ஓட்டை வண்டியை நாலு பேர் சேர்ந்து தள்ளுவதற்கு அதுதான் பெயர் என்பதை நான் அப்போது கற்றுக்கொண்டேன். ஊட்டி வீட்டுக்கு ரோட்டிலிருந்து படியேறித்தான் போக வேண்டும், கார் நிறுத்த இடமில்லை. அதனால் என் ஷெட் அதற்கு மாளிகையானது. என் விறகும் அம்மாவின் தையல் மெஷினும் மழையில் நின்றன. ஞாயிறுதோறும் காலையில் மாப்பிள்ளை வந்துவிடுவார். குன்னூர் மெக்கானிக் ஒருவர் காருக்கு அடியில் படுத்து எல்லா வேலையையும் செய்வார். அவர் டீ குடிக்க எழுந்துபோனதும் மாப்பிள்ளை ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்து, கன்னத்தில் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டு, "மச்சான், ஒரு போட்டோ எடுங்க" என்பார். நானும் எடுப்பேன். அந்தப் போட்டோ அவருடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அதில் இருக்கும் வெட்டி ஆட்கள் எல்லோரும் நெருப்புப் பொம்மையை அனுப்புவார்கள். அதைப் பார்த்து அவருக்கு ஒரு வாரத்துக்கு உச்சி குளிர்ந்திருக்கும்.

முதலில் கிளட்ச் போனது. பிறகு ரேடியேட்டர் ஒழுகியது. தரைத்தகடு துரு ஏறி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ரோடு தெரிந்தது. ஒழுங்கான மனிதன் அதை முதலில் அடைத்திருப்பான். இவர் முதலில் சைலன்சரை மாற்றினார். அதைப் போட்டு ஸ்டார்ட் செய்த அன்று பக்கத்து வீட்டுக் கோழிகள் கேரட் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தன. அந்த வீட்டுப் பெரியவர் வந்து என்னிடம் சண்டை போட்டார். "சவுண்டு எப்படீங்க மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டபோது, "ரொம்ப நல்லா இருக்குதுங்க, காதுதான் கேக்கல" என்றேன். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அது. எதுவும் உறைக்காது.

அடுத்து காரின் உயரத்தைக் குறைத்தார். குண்டும் குழியுமான எஸ்டேட் ரோடுகளில் ஓட்ட வேண்டிய வண்டியைத் தரையோடு தரையாக இறக்க எந்த அளவுக்கு மூளை காய்ந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் சந்து முனையில் ஒரு சாக்கடைப் பலகைக்கல் இருக்கிறது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கூட அதைத் தாண்டலாம். இந்தக் காரால் முடியாது. வயிறு தட்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு மரப்பலகைகளைப் போட்டு அதன்மேல் ஏற்ற வேண்டும். அந்தப் பலகைகள் நகராமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அரசாங்க உத்தியோகத்தில் இத்தனை வருடம் இருந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கடை ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகை பிடித்தேன்.

அதன் பிறகு எடைக் குறைப்பு ஆரம்பித்தது. எடை குறைந்தால் வேகம் கூடுமாம். பின்சீட் போனது. ஸ்டெப்னி டயர் போனது. ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் போயின. எல்லாம் என் ஷெட்டின் மூலையில் குவிந்தன. அவருடைய தொப்பையை மட்டும் காரோடு விட்டுவைத்தார்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது தங்கை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பஸ் நிற்காத நாட்களில் தேயிலை ஏற்றிப் போகும் லாரியில் ஏறி வந்தாள். ஒருமுறை பனியில் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டு, ஒரு டீக்கடையில் ஒதுங்கி, நான் என் பழைய வேனை எடுத்துக்கொண்டு போகும்வரை உட்கார்ந்திருந்தாள். அன்று வழியில்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளை ஹெட் நர்ஸ் ஆக்கப்போகிறார்கள். ஆனால் அந்தப் பொறுப்புக்கு, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். சொந்தமாக வண்டி இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் அடுத்தவளுக்குப் போய்விடும்.

"அவருகிட்டச் சொன்னியா அம்மிணி?"

"சொன்னனுங்கண்ணா. நடுவட்டத்துல கார்க்காரங்க எல்லாம் கூடற மீட் ஒண்ணு இருக்குதாம். அது முடிஞ்சதும் இத வித்துட்டு எனக்கு ஒரு சின்ன வண்டி வாங்கிக் குடுக்கறன்னு சொல்லியிருக்காரு. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லோணும். மீட்டு ஞாயித்துக்கெழம."

"நீ நம்பறயா?"

"சத்தியம் பண்ணியிருக்காரு" என்றாள். நான் வேனை ஓட்டுவதில் கவனம் செலுத்தினேன்.

அந்த ஞாயிறும் வந்தது. மாப்பிள்ளை சிவப்பு டீ சர்ட், சிவப்பு ஷூ என்று காருக்குப் பொருத்தமாக வந்து நின்றார். தங்கையைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். ஊர்வலத்தில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று குழுவில் யாரோ சொன்னார்களாம். நான் பின்னால் வேனில் போனேன். காரிலிருந்து கழற்றிய ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், அந்த இரண்டு பலகைகள் எல்லாம் என் வேனில். அதாவது எடையைக் குறைத்தது அவர், சுமந்தது நான்.

ஊட்டியில் கோயமுத்தூர், பெங்களூர்க் கார்களோடு சேர்ந்துகொண்டு எல்லோருமாகக் கிளம்பினார்கள். பைக்காரா தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் மாப்பிள்ளைக்குக் கால் தரையில் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கடைசி நொடிவரை விரட்டிக்கொண்டு போய், பிரேக்கைப் போட்டு மிதித்தார். பின்சக்கரங்களுக்குப் புதிதாக டிஸ்க் பிரேக் வேறு போட்டிருந்தார். வேனின் ஜன்னல் வழியாக எனக்கே பிரேக் தீய்ந்த வாடை அடித்தது. மலையில் பிறந்தவன் இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்குவான், பிரேக்கை அளவாகத் தொடுவான். மாப்பிள்ளை ஊட்டியில் பிறந்தவர்தான். ஆனால் போனில் பார்த்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் சொன்னது போதும், பிறந்த ஊரில் கற்றது எல்லாம் அவருக்கு மறந்துவிடும்.

நடுவட்டத்தில் மற்றவர்கள் எல்லோரும் கடைகளுக்கு எதிரே சமதளத்தில் நிறுத்தினார்கள். இவருக்கு மட்டும் தேயிலைச் சரிவு பின்னணியில் தெரிய வேண்டும். பக்கத்தில் எஸ்டேட்டுக்குள் சரிந்து இறங்கும் ஒரு கிளை ரோட்டில், காரின் மூக்கு மேலே பார்க்கும்படி நிறுத்தினார். வண்டி நின்றதும், தங்கை பழக்க தோஷத்தில் தோள்பையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஐயோ, அத உள்ள வெய்யி!" என்று அவர் பல்லைக் கடித்தார். "அலாய் வீல்ல கீறல் உழுந்துரும். எல்லாரும் பாக்கறாங்க. கல்லு வெக்கறதுக்கு இது என்ன காய்கறி லாரியா?"

"ரொம்பச் சரிவா இருக்குதுங்க."

"ஹேண்ட்பிரேக் போட்டிருக்கறன்."

"கியர்லயாவது போடுங்க."

"கியர்ல நிறுத்துனா கியர்பாக்ஸ் போயிரும். ஒண்ணும் தெரியாம பேசாத."

அவள் கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வேனை மேலே ஓரம் கட்டி, கியரில் போட்டு, என் கட்டையை வைத்துவிட்டு வந்தேன். சூடேறிய பிரேக் ஆறும்போது அதன் பிடி தளரும் என்பது இந்த மலையில் பால்காரருக்கும் தெரியும். நான் மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிக் கறுப்புக் கண்ணாடி. பனிமூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி. ஒருவர் காரின் மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார், இன்னொருவர் டிக்கியின் மேல் பொருத்தியிருந்த இறக்கையைத் தட்டிப் பார்த்தார். கோயமுத்தூர்க்காரர் ஒருவருக்குக் கார் உண்மையிலேயே பிடித்துவிட்டது.

"ஏனுங்க, குடுக்கறதா இருந்தா சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் விலை. நாளைக்கே வண்டி அனுப்பறன்" என்றார்.

தங்கை சட்டென்று நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாளைதான் திங்கட்கிழமை.

மாப்பிள்ளை சிரித்தார். "இத விக்கறதா? அடுத்தது டர்போ போடப்போறனுங்க."

"ஊட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவளுக்குப் பஸ்ஸே பழகிப்போச்சுங்க" என்றார் மாப்பிள்ளை. தொப்பிகள் எல்லாம் சிரித்தன.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். மாப்பிள்ளை அல்லவா. அவர் காரை அப்படியே விட்டுவிட்டு, கூட்டத்தோடு பேசிக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடந்தார். காருக்குப் பக்கத்தில் அவள் மட்டும் நின்றாள். நான் கொஞ்சம் மேலே ரோட்டோரத்தில் இருந்தேன்.

முதலில் கேட்டது சக்கரத்துக்கு அடியில் சிறுகற்கள் நெரியும் சத்தம். சிவப்புக் கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது.

தங்கையின் கை தானாகப் பைக்குள் போனது. கல் வெளியே வந்தது. எத்தனை வருடப் பழக்கம் அது, அவள் பாதி குனிந்தும்விட்டாள். ஒரு எட்டு வைத்தால் போதும், வேகம் எடுக்கவில்லை, கல் பிடித்து நிறுத்தியிருக்கும். அப்போது அவள் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து பறிக்க ஆள் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. ரோடு முடிகிற வளைவில் வெறும் மண்திட்டும் தேயிலைச் செடிகளும்தான். அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, கல்லை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஒதுங்குவதுபோல ஓரமாக ஒதுங்கி, காருக்கு வழிவிட்டாள்.

நானும் ஓடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை.

கார் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. இத்தனை நாள் ஊரைக் கூட்டிய அந்த சைலன்சர் வாயே திறக்கவில்லை. கீழே மண்திட்டில் மோதியபோதுதான் எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை டீ கிளாஸோடு ஓடிவந்தார். பின்பக்கம் நசுங்கி, இறக்கை கழன்று, சைலன்சர் செடிகளுக்கு நடுவே தனியாகக் கிடந்தது. தொப்பிகள் எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் தங்கையின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"கல்லு கையிலதான இருந்துது? வெச்சிருக்கலாமல்லோ?" என்று கத்தினார்.

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்களேங்க" என்றாள் தங்கை.

அந்தக் கோயமுத்தூர்க்காரரே அடுத்த வாரம் நசுங்கிய நிலையில் அதை வாங்கிக்கொண்டு போனார். வந்ததுபோலவே அது லாரியின் முதுகில் படுத்துக்கொண்டு மலை இறங்கியது. தங்கை அந்தத் திங்கட்கிழமையே, வண்டி வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரிடம் தெரிவித்தாள். இப்போது அவள் ஹெட் நர்ஸ். விற்ற பணத்தில் மறுபடியும் ஒரு சின்னக் கார், அவள் பெயரில். அதன் சாவியை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். என் வாசலுக்கு முன்னால் ரோடு நல்ல சரிவு. தங்கை காரை நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்தபடி, பக்கத்து சீட்டைப் பார்ப்பாள். மாப்பிள்ளை சீட்டுக்கு அடியில் கைவிட்டு, ஸ்வெட்டர் துணியைப் பிரித்து, கல்லை எடுத்துக்கொண்டு இறங்குவார். போன வாரம் மழை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் குனிந்தார். நான் எழுந்து வாசலுக்கு வந்து, முறைப்படி, "வாங்க மாப்பிள்ளை" என்றேன். உள்ளேயிருந்து தங்கை கண்ணாடியை இறக்கினாள்.

"இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளி வெய்யுங்க" என்றாள்.

தள்ளி வைத்தார். "ஆச்சு" என்றார்.